கிளைபோசேட்: 2ஏ என்றால் என்ன?

"உலக சுகாதார நிறுவனமே கிளைபோசேட் புற்றுநோய் தரும் என்று நிரூபித்துவிட்டது, எங்கட சிறுநீரக நோய்க்கும் அதுதான் காரணம்" என்று, வயல்களிலும் தோட்டங்களிலும் தெளிக்கும் களைகொல்லியான கிளைபோசேட் பற்றி இலங்கையர் ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டு வேறு விஷயங்கள் இங்கே குழம்பிக் கிடக்கின்றன.

2015 மார்ச்சில் அந்நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை கிளைபோசேட்டை 2ஏ பிரிவில் சேர்த்தது உண்மை. 'அநேகமாகப் புற்றுநோய் தரக்கூடியது' என்பதே அதன் பொருள். ஆனால் அந்தப் பட்டியல் அளப்பது ஆதாரத்தின் பலத்தை மட்டும். எவ்வளவு உட்கொண்டால் எவ்வளவு ஆபத்து என்பதை அது சொல்வதில்லை. மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சியும் 2ஏ தான். 65 பாகைக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானங்களும் அப்படித்தான் (கொழும்பு வெள்ளவத்தைக் கடைகளில் பிளேன்டீ குடிப்பவர்கள் கவனிக்க!). அதே 2015 நவம்பரில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை, கிளைபோசேட் புற்றுநோய் தர வாய்ப்பில்லை என்ற எதிர்முடிவுக்கு வந்தது. இரு குழுக்களும் ஒரே ஆய்வுத் தொகுப்பைப் பார்க்கவில்லை, கேட்ட கேள்வியும் ஒன்றல்ல.

இலங்கையின் விவசாயப் பகுதிகளில் பரவலாகக் காணப்படும் சிறுநீரக நோயின் கதை வேறு. கிளைபோசேட்டும் கடின நீரும் உலோகங்களும் சேர்ந்து சிறுநீரகத்தைத் தாக்கலாம் என்று 2014இல் வந்த கட்டுரை முன்வைத்தது ஒரு கருதுகோள். சக ஆய்வாளர் மதிப்பீட்டைத் தாண்டியது என்பதால் அது நிரூபணமாகிவிடாது; 'பரிசீலிக்கத் தகுந்தது' என்ற அனுமதிச்சீட்டு, அவ்வளவுதான். அதைச் சோதிக்க, நோயாளிகளையும் நோயற்றவர்களையும் ஒப்பிட்டு, நோய் தொடங்குமுன் அவர்கள் உடலில் என்ன சேர்ந்தது என்று அளக்க வேண்டும். நோய் முற்றியபின் எடுக்கும் சிறுநீர் மாதிரி பழைய வெளிப்பாட்டைக் காட்டாது. பழுதான சிறுநீரகம் கழிவை வெளியேற்றும் அளவே மாறிவிடுகிறது.

2015இல் கிளைபோசேட்டுக்கு இலங்கை விதித்த தடை ஓர் அரசியல் முடிவு. 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் தளர்த்தியதும் அப்படியே. இரண்டையும் ஆய்வு முடிவாகக் காட்டாதீர்கள்.