ஃபார்வர்ட்ஸ் நாளிதழின் மொழி ஹீப்ரு அல்ல

நியூயார்க் யூதர்களின் ‘ஃபார்வர்ட்ஸ்’ ஹீப்ரு மொழி நாளிதழ் என்று பலர் இணையத்தில் பகிர்ந்திருக்கிறார்கள். எழுத்து ஹீப்ருதான், மொழி இத்திஷ்; ஜெர்மனோடு உறவுடைய, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழி அது. 1897இல் தொடங்கியபோதே அப்படித்தான். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த தையல் தொழிலாளர்கள் வீட்டில் பேசியது இத்திஷ். 1906இல் தொடங்கிய ‘பிண்ட்டல் பிரீஃப்’ என்ற வாசகர் கடிதப் பகுதியில் கூலித் தகராறு, காணாமல்போன கணவன் என்று அவர்கள் மனம்விட்டு எழுத முடிந்தது அதனால்தான். அந்தப் பத்திரிகையின் உயிரே அந்த மொழி என்பதால் இதைத் திருத்துவது அவசியம்.

நீங்களே பார்க்கலாம். இஸ்ரேல் தேசிய நூலகத்தின் இணையதளத்தில் பழைய இதழ்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு பத்தியை எடுத்து, ‘மற்றும்’ என்பதற்கான சொல்லைத் தேடுங்கள். இத்திஷில் அது ‘உன்’: அலெஃப், வாவ், இறுதி நூன் என மூன்றெழுத்து, தனியாக நிற்கும். ஹீப்ருவில் அது வாவ் என்ற ஒற்றை எழுத்து. அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். ‘அயின்’ எழுத்தையும் கவனியுங்கள். இத்திஷில் அது ‘எ’ ஒலிக்கு நிற்பதால் வரிக்கு வரி வரும். பத்திரிகையின் பெயரிலேயே இருக்கிறது.

ஒரு செய்தியின் தலைப்பை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஹீப்ருவிலிருந்து வந்த சொற்களை இத்திஷ் பெரும்பாலும் மூல எழுத்துக்கூட்டலிலேயே எழுதும். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.