கொழுந்து நாற்றம்

சனிக்கிழமை நடந்த கட்டுரைப் போட்டிப் பரிசளிப்பு வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எனக்கே நேற்றிலிருந்து எத்தனையோ பேர் அனுப்பிவிட்டார்கள். 'அம்மா பின்னேரம் கொழுந்து நாற்றத்தோடு வீட்டுக்கு வருவா' என்று, தேயிலைக் கொழுந்து பறிக்கும் தன் அம்மாவைப் பற்றி ஒரு பிள்ளை எழுதிய வரியை நடுவர் சேர் மேடையில் வாசித்தார். "அம்மாவைப் பற்றி எழுதச் சொன்னால் அம்மா நாறுகிறா என்று எழுதுகிறார்கள்" என்றார். சபை சிரித்தது. பிள்ளை சான்றிதழைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள்.

சேர், நாற்றம் கெட்ட சொல் இல்லை. மூக்குக்குத் தெரிவதெல்லாம் நாற்றம்தான். வள்ளுவர் ஐம்புலனுக்கும் உரியதை எண்ணும்போது சுவை, ஒளி, ஊறு, ஓசை, நாற்றம் என்றுதான் எண்ணுகிறார். அது 27ஆவது குறள். 1274இல் காதலியின் புன்னகைக்குள் ஒளிந்திருப்பதைச் சொல்ல, மொட்டுக்குள் இருக்கும் நாற்றத்தைத்தான் உவமையாக எடுக்கிறார். 650ஐயும் பாருங்கள். கற்றதை அடுத்தவருக்கு விரித்துச் சொல்லத் தெரியாதவர், கொத்தாய்ப் பூத்தும் நாறாத மலர் போன்றவர் என்கிறார். அவருக்கு, பூ நாறாமல் இருப்பதுதான் குறை. ஆண்டாள் சங்கிடம், கண்ணனின் வாய் கருப்பூரம் நாறுமோ, கமலப்பூ நாறுமோ என்று ஆசையாய்க் கேட்கிறாள். அந்த வரிக்கும் சபை சிரிக்குமா?

'அதெல்லாம் பழைய தமிழ், இன்றைக்கு நாற்றம் என்றால் துர்நாற்றம்தான்' என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். சரி, பொருள் மாறுவது உண்மைதான். வாடை என்றால் ஒரு காலத்தில் வடக்கிலிருந்து வரும் குளிர்காற்று. இன்று கருவாட்டு வாடை என்கிறோம். மணம் நல்ல சொல் என்கிறோம், யாழ்ப்பாணத்தில் 'மணக்குது' என்று சொல்லி மூக்கைப் பொத்துவார்கள். சொல் ஊருக்கு ஊர் புரளும். அதனால்தான் ஒரு சொல்லைப் பிடிக்கும் முன் அதற்கு அடுத்த வரியை வாசிக்க வேண்டும். அடுத்த வரி என்ன? 'அந்த நாற்றம் பக்கத்தில் இருந்தால்தான் எனக்கு நித்திரை வரும்.' வீடியோவில் சேரே அதையும் வாசிக்கிறார். வாசித்த பிறகும் விளங்கவில்லையா? அந்தப் பிள்ளை குறள் படித்து எழுதினாளோ, தானாக வந்ததோ, அது எனக்கு முக்கியமில்லை. சொல் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது.

கொழுந்து நாற்றம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றிக் கட்டும் முரட்டுத் துணியான படங்கை, மழையில் நனைந்தபடி அவிழ்த்து வாசலில் உதறும்போது முதலில் பச்சை இலை நாற்றம் வரும். பிறகு கை. என் அம்மாவின் பெருவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் கொழுந்துக் கறை வெடிப்புக்குள் கறுப்பாய் இறங்கியிருக்கும். சவர்க்காரத்துக்குப் போகாது. அந்தக் கையால் ரொட்டி பிய்த்துத் தருவா. நாளுக்கு 18 கிலோ கொழுந்து கேட்ட மலையிலிருந்து இறங்கி வந்த கை அது. இஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வாட்டி, அரைத்து, காற்றுப்பட வைத்த இலை செம்பு நிறமாகும்போது, பச்சை நாற்றம் போய் பழ நாற்றம் வரும். ஊவா மலைப்பகுதியில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை அடிக்கும் காய்ந்த காற்றில் அந்த மணம் இன்னும் ஏறும். கொழும்புத் தேயிலை ஏலம் தொடங்கியது 1883இல். அன்றிலிருந்து அந்த மணத்துக்கு விலை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். கோப்பையில் இருந்தால் விலை, அம்மாவின் சேலையில் இருந்தால் சிரிப்பா?

'ஒரு சொல்லுக்கு இவ்வளவு கோபமா' என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உயர்தரம் படிக்க நான் டவுனுக்குப் போனபோது, வகுப்பில் பக்கத்தில் இருந்த பையன் தினமும் காலையில் ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் உட்காருவான். ஒருநாள் வாய்விட்டே சொன்னான், "உன் சட்டை நாறுது." புகை நாற்றம். எங்கள் பக்கம் மழைக்காலத்தில் உடுப்பு காயாது. அடுப்புக்கு மேலே கொடி கட்டித்தான் காயப்போடுவார்கள். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தினேன். இனி என் சட்டையை அடுப்பங்கரையில் போடாதே என்றேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. அன்றிரவிலிருந்து, எல்லோரும் படுத்த பிறகு, சிரட்டைக்கரிப் பெட்டியால் ஈரச் சட்டையைத் தேய்த்துத் தேய்த்தே காயவைத்தா. விடிய நாலரைக்கு எழும்பி, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போக வேண்டியவ.

இரண்டு வருடம் அப்படித் தேய்த்தா. நான் ஒரு நாள்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

இதை இவ்வளவு நாளும் யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பிள்ளை தரையைப் பார்த்து நின்றதைப் பார்த்த பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை. எனக்கு அன்று வெட்கமாய் இருந்ததை அவள் பன்னிரண்டு வயதில் ஆசையாய் எழுதியிருக்கிறாள். அதைத்தான் மேடையில் வைத்துச் சிரித்தீர்கள். 'சேர் பகிடிக்குச் சொன்னார், அவரும் நம்மவர்தான்' என்று சொல்லாதீர்கள். நம்மவர் என்றால் இன்னும் வலிக்கிறது.

அந்தக் கட்டுரையில் இரண்டு வரிதான் நமக்குத் தெரியும். மிச்சத்தையும் வாசிக்க ஆசையாய் இருக்கிறது. பிள்ளையின் வீட்டாருக்குச் சம்மதம் என்றால், முழுப் பிரதி இருப்பவர்கள் அனுப்புங்கள். சிவப்புக் கோடு போட்ட தாளாய் இருந்தாலும் பரவாயில்லை.