முறுக்கு வியாபாரம் பெருகுமாம்

எங்கள் தெருவில் மதுக்கடை வரப்போவதைப் பற்றி மன்றத்துக்காரரிடம் நான் பேசியபோது எடுத்த அந்த வீடியோவை இதுவரை பதினேழு பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். போதும். நான் அந்த இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். “கடை வந்தா உங்க முறுக்கும் நல்லா ஓடும் ஆச்சி, கவலப்படாதீங்க” என்று அந்த மன்றத்துக்காரர் சொன்னதும் பின்னால் ஒரு சிரிப்புக் கேட்கிறதே, அதில் மூன்று பேர் வீட்டுக் கல்யாணத்துக்கு நான்தான் பலகாரம் போட்டுக் கொடுத்தேன். சிரிக்கட்டும். ஒருவர் வீட்டில் இன்னும் பாக்கி நிற்கிறது, அதையும் சிரித்துக்கொண்டே கொடுத்தால் நல்லது.

வழக்கமாகக் கிளம்பி வருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மதுவிலக்குக் கேட்டு எழுதவில்லை. ராஜாஜி 1937இல் சேலத்தில் கொண்டுவந்ததும் தெரியும், 1971இல் அரசு எடுத்ததும் தெரியும், அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று. எங்கள் தெருவில் கடை வைக்கும் முன் எங்களைக் கேளுங்கள். அவ்வளவுதான். வீட்டுக்கு வெளியே பந்தல் போடுவதென்றால்கூடப் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போடுகிறோம்.

கேட்கவில்லை என்பதுகூட இல்லை. கேட்காமலே நாங்கள் சொன்னோம். இரண்டு வருசத்துக்கு முன் அக்டோபர் 2 கிராம சபையில், ஊருணிக்கரையில் கடை வேண்டாம் என்று தீர்மானம் போட்டோம். நானும் கையெழுத்துப் போட்டேன். (அன்றைக்குக் காந்தி ஜெயந்தி, எல்லாக் கடையும் லீவு. கருவேலங்காட்டுக்குள் மட்டும் லீவு இல்லை. தீர்மானம் போட்டு வெளியே வந்தபோது இரண்டு பேர் தள்ளாடிக்கொண்டு எதிரே வந்தார்கள்.) அந்தக் காகிதம் எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியாது. சரி, ஆனால் கடையும் வரவில்லையே என்று சும்மா இருந்தோம்.

அப்புறம் ஊரை நகரத்தோடு சேர்த்தார்கள். ரோடு வரும், பாதாளச் சாக்கடை வரும் என்றார்கள். வீட்டு வரி வந்தது. இப்போது இது வருகிறது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். 2003ஆம் வருச விதிப்படி கோயில், பள்ளிக்கூடத்திலிருந்து கிராமத்தில் 100 மீட்டருக்குள் கடை வைக்கக் கூடாது. நகராட்சி, மாநகராட்சி என்றால் 50 மீட்டர்தான். வணிகப் பகுதி என்று அறிவித்துவிட்ட இடத்தில் அதுவும் கிடையாது. கொத்தனாரிடம் டேப் வாங்கி, எதிர்வீட்டுப் பையனை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி நானே அளந்தேன். பெண்பிள்ளைகள் பள்ளிக்கூட கேட்டிலிருந்து, நடந்து போகிற வழியாகவே, கரண்ட் கம்பம் தாண்டி, சாக்கடைப் பாலம் தாண்டி, அந்தக் கட்டடத்துப் புது ஷட்டர்வரை 71 மீட்டர். 30 மீட்டர் டேப், மூன்று தடவை வைத்து அளக்க வேண்டியிருந்தது. நடுவில் ஒரு ஆடு டேப்பைக் கடித்தது. போன வருசம் இது சட்ட விரோதம். இந்த வருசம் சட்டப்படி சரி. பள்ளிக்கூடம் நகரவில்லை, கட்டடம் நகரவில்லை, அந்த ஆடுகூட நகரவில்லை. ஊர்ப் பலகையில் பெயர் மட்டும் மாறியது.

பிள்ளைகளை விடுங்கள், வாகனத்துக்குக் கொடுத்த மரியாதையைப் பாருங்கள். 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டர் தள்ளி வை என்றது. 2017 மார்ச்சில் சின்ன ஊர்களுக்கு 220 மீட்டர் என்று குறைத்தது. அதற்குப் பிறகு நகர எல்லைக்குள் போகிற ரோட்டுக்கு அது பொருந்தாது என்றும் ஆகிவிட்டது. ஆனாலும் ஆரம்பத்தில் லாரிக்கு 500 மீட்டர் தர மனசு வந்ததே. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு 50.

“மன்றத்துக்கு அதிகாரமே இல்லை, அவரைத் திட்டி என்ன பண்ண” என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். சரிதான். மது மாநில அரசின் கையில் இருக்கிற விஷயம். பஞ்சாயத்துக்கு என்று அரசியல் சட்டம் பட்டியல் போட்ட 29 விஷயங்களில் இது கிடையாது. எனக்கும் அது தெரியும் தம்பி. “அதிகாரம் இல்லை ஆச்சி, இருந்தாலும் எழுதி அனுப்புகிறோம்” என்று சொல்லியிருந்தால் நான் கும்பிட்டுவிட்டு வந்திருப்பேன். அதிகாரம் இல்லாதவருக்கு நக்கல் மட்டும் எங்கிருந்து வருகிறது?

வேறு ஊரில் கேட்கிறார்கள். மகாராஷ்டிராவில் ஒரு ஊர்ப் பெண் வாக்காளர்களில் 25 சதவீதம் பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ரகசிய வாக்கெடுப்பு நடத்த வேண்டும். சீட்டில் இரண்டு படம்தான். நிற்கிற பாட்டில், படுத்த பாட்டில். பாதிக்கு மேல் படுத்த பாட்டிலுக்கு விழுந்தால் கடையை மூட வேண்டும். எழுத்துத் தெரியாத கிழவிகூடப் பாட்டிலைப் படுக்க வைத்துவிடலாம். இங்கே எம்.ஏ. படித்த நான் ஆட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டு ரோட்டை அளக்கிறேன்.

“வருமானம் வேண்டாமா, இலவசம் மட்டும் வேணுமா?” என்று கேட்பவர்களுக்கு: 2023-24இல் இதில் வந்தது 45,855 கோடி. எங்கள் ஊருணிக்கரை இல்லாமலே வந்த பணம்.

“தனி மனித சுதந்திரம்” என்று கேட்பவர்களுக்கு: குடிக்க வேண்டாம் என்று யாரையும் நான் தடுக்கவில்லை. ஊருணிப் படித்துறையில் பாட்டிலை உடைத்துவிட்டுப் போகும் சுதந்திரம் எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்கிறேன். போன மாசியில் என்னிடம் மாவு பிசையும் பிள்ளை வெறுங்காலோடு இறங்கி, குதிகாலில் கண்ணாடி ஏறி, பதினோரு நாள் வேலைக்கு வரவில்லை. கடை வரும் முன்பே இந்த நிலைமை.

“கடை இல்லையென்றால் கள்ளச்சாராயம் வரும், கள்ளக்குறிச்சியை மறந்துவிட்டீர்களா?” மறக்கவில்லை. 2024 ஜூனில் 60 பேருக்கு மேல் போனார்கள். இந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. ஆனால் எங்கள் ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டரில் இரண்டு கடை ஏற்கெனவே இருக்கிறது, அங்கே பைக்கில் போகத் தெரிந்தவர்கள்தான் எல்லோரும். இதற்கு மேல் இதைப் பேச எனக்கு விருப்பமில்லை.

இனி அந்தக் கமெண்டுக்கு வருகிறேன். “உங்க அப்பச்சியே முழு நேரக் குடிதானே, நீங்க பேசலாமா ஆச்சி?” என்று எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியும். அவருக்கும் நான் யாரென்று தெரியும். ஆமாம், என் அப்பா குடித்தார். ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஏழு மணிக்கு மேல் அதே கையால் வளவு வாசல் தாழ்ப்பாளைத் திறக்க வராது. முகப்பில் ஆத்தங்குடிக் கல்லில் அப்படியே படுத்துவிடுவார். நானும் தம்பியும் அவரைத் தாண்டித்தான் காலையில் பள்ளிக்கூடம் போவோம்.

அப்போதெல்லாம் கடை ஏலத்தில் எடுத்தவர் நடத்துவார். 94, 95 இருக்கும். எங்கள் ஆத்தா ஒரு நாள் ஓலைக் கொட்டானில் சீப்புச் சீடை எடுத்துக்கொண்டு நேரே அவரிடம் போனது. “தம்பி, மாசம் பொறந்து முதல் வாரம் எங்க வீட்டு ஆளுக்குக் குடுக்காதீங்க. பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டணும்” என்றது. அந்த மனிதர் ஒன்றும் உத்தமர் கிடையாது. கலப்படம் பண்ணுவார் என்று ஊரே பேசும். ஆனாலும் முதல் வாரத்தில் அப்பச்சி போனால் “நாளைக்கு வாங்கண்ணே” என்று திருப்பி அனுப்பிவிடுவார். என் பத்தாம் வகுப்பு ஃபீஸ் அப்படிக் கட்டியதுதான்.

2003 நவம்பரில் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கைக்குப் போனது. ஆத்தா மறுபடி கொட்டானைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. நான் அப்போது பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்தேன். கவுண்டரில் இருந்தவர் வெளியூர்க்காரர், தன்மையாகத்தான் பேசினாராம். “காசு குடுத்துக் கேட்டா எப்படிம்மா மாட்டேன்னு சொல்றது? எனக்கு மேல கேப்பாங்க” என்றாராம். திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்தது. கொட்டானில் ஒரு சீடை குறையவில்லை. “அங்க கேக்க ஆளே இல்லத்தா” என்று மட்டும் சொன்னது.

அப்பச்சி 2009இல் போய்விட்டார். ஈரல்.

அதனால்தான் பேசுகிறேன். குடிகாரர் மகளுக்குப் பேச உரிமை இல்லையென்றால் இந்த விஷயத்தில் வேறு யாருக்கு இருக்கிறது, சொல்லுங்கள். ஊரில் எத்தனை வீட்டில் முகப்பைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இருக்கிறோம்? வெளியே சொல்லமாட்டோம், அவ்வளவுதான். கல்யாண வீட்டில் அத்தனை பேரும் வெள்ளை வேட்டியில் ஜம்மென்று இருப்போம். கேளுங்கள் என்றுதான் ஆரம்பித்தேன், இப்போது எழுதும்போது கேட்கவே வேண்டாம், வைக்காதீர்கள் என்றுதான் வாயில் வருகிறது. மாற்றிப் பேசுகிறாள் என்று இதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிராம சபை போய்விட்டது, நகரத்தில் அதற்குப் பதில் பகுதி சபா என்று ஒன்று உண்டாம். எங்கள் வார்டில் அது எப்போது, எந்த இடத்தில் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். டேப்பை இன்னும் கொத்தனாரிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.

முறுக்கு ஆர்டர் கொடுத்திருப்பவர்களுக்கு: என்னிடம் வேலை செய்யும் நாலு பிள்ளைகளும் அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். ஷட்டர் திறக்கிற நாளிலிருந்து ஐந்து மணிக்கே அடுப்பை அணைத்துவிடுவேன். மனோலமும் மாவுருண்டையும் இரண்டு நாள் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அப்பச்சியைப் பற்றிய அந்தக் கமெண்டை நான் அழிக்கவில்லை, அது அங்கேயே இருக்கும்.