துரோகி என்று சொல்வதற்கு முன் அந்த அப்பாவின் கண்ணையும் சொல்லுங்கள்

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்தது பெரும்பாலோருக்குத் தெரியும். வீடியோவும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நான் பத்து நிமிடம் பிரெஞ்சுத் தொழிற்சங்கத் தலைவர் லெயோன் ஜூவோவைப் பற்றிப் பேசினேன். அடுத்து வந்த தோழர் மைக்கைப் பிடித்து, "அமெரிக்கக் காசில் சங்கத்தை உடைத்த துரோகி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கைதட்டலும் விழுந்தது. அன்று நான் பதில் சொல்லவில்லை. இரண்டு நாளாக அது தொண்டையிலேயே நிற்கிறது.

தோழர், விமர்சியுங்கள். ஆனால் முதலில் அந்த அப்பாவின் கண்ணைச் சொல்லுங்கள்.

ஜூவோ 1879-ல் பாரிஸில் பிறந்தவர். தாத்தா 1848 புரட்சியில் நின்றவர், அப்பா 1871-ல் பாரிஸ் மக்கள் எழுந்த பாரிஸ் கம்யூனில் நின்றவர். அப்பாவுக்கு பாரிஸை ஒட்டிய ஓபர்வில்லியே ஊரின் தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. அங்கே வேலைநிறுத்தம் வந்து வீட்டில் வருமானம் நின்றதும் பையனின் படிப்பு பன்னிரண்டு வயதில் நின்றது. பதினாறு வயதில் அவரும் அதே தொழிற்சாலைக்குள் போனார். அந்தக் காலத்தில் தீக்குச்சி மருந்தில் வெள்ளைப் பாஸ்பரஸ் இருந்தது. அதன் புகையை வருடக்கணக்கில் சுவாசித்தால் பல் விழும், தாடை எலும்பு அழுகும். அவருடைய அப்பாவுக்குக் கண் போனது. ராணுவத்தில் இருந்த மகன் வீட்டைக் காப்பாற்றத் திரும்பி வந்தார். 1900-ல் வெள்ளைப் பாஸ்பரஸை எதிர்த்து வேலைநிறுத்தம் நடந்தபோது அதில் நின்றார், வேலையை இழந்தார். சங்கம் போராடித்தான் அவரை மறுபடி உள்ளே சேர்த்தது.

அந்த மனிதர்தான் முப்பது வயதில், 1909-ல், பிரான்சின் பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்பான செஜெதேவின் (CGT) பொதுச் செயலாளர் ஆனார்.

இதை நான் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? நான் கோவில்பட்டிப் பக்கம். அம்மா இருபது வருடத்துக்கு மேல் தீப்பெட்டி ஆபீஸில் கட்டையில் தீக்குச்சி அடுக்கியவள். கட்டைக்கு இவ்வளவு பைசா என்று கூலி. போகாத நாளுக்குக் கூலி கிடையாது. ஆச்சி செத்தபோது மூன்று நாள் போகவில்லை, அந்த வாரம் வீட்டில் அரிசி கடன்தான். ஆனால் அம்மாவின் பல் அப்படியே இருக்கிறது, கண் இருக்கிறது. வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியை நிறுத்த 1906-ல் பெர்ன் நகரில் நாடுகள் ஒப்பந்தம் போட்டன. 1913-ல் பிரிட்டிஷ் இந்தியாவிலும் தடைச் சட்டம் வந்தது. நம் பக்கம் தீப்பெட்டித் தொழில் வந்ததே அதற்கு அப்புறம்தான். அந்தத் தடையை ஜூவோ ஒருவர் வாங்கித் தந்தார் என்று நான் சொல்லவில்லை. அந்த நஞ்சுக்கு எதிராக வேலையைப் பணயம் வைத்தவர்களில் அவரும் ஒருவர். எனக்கு அது போதும்.

சரி, "முதல் உலகப் போர் தொடங்கிய 1914-ஐ ஏன் மறைக்கிறாய்?" என்பீர்கள். மறைக்கவில்லை. போர் வந்தால் பொது வேலைநிறுத்தம் என்று பேசிவந்த சங்கம் செஜெதே. போரை எதிர்த்த சோஷலிஸ்ட் தலைவர் ஜொரேஸ் சுட்டுக் கொல்லப்பட்டு, ஆகஸ்ட் 4 அன்று அவர் சவப்பெட்டிக்கு முன்னால் நின்று ஜூவோ போருக்கு ஆதரவாகப் பேசினார். அது தவறு. எனக்கும் வலிக்கிறது. ஆனால் அந்த ஒரு நாளை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற நாற்பது வருடத்தை விட்டுவிடுவது நியாயமா?

1936 ஜூனில் பிரான்சில் ஏறக்குறைய இருபது லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில். தொழிற்சாலைகளுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். 7-ம் தேதி பிரதமரின் மத்தின்யோன் மாளிகையில் முதலாளிகளுக்கு எதிரே உட்கார்ந்தவர் ஜூவோ. கூலி 7 முதல் 15 சதவீதம் வரை உயர்ந்தது. கூட்டு ஒப்பந்தமும் தொழிலாளர் பிரதிநிதிகளும் அங்கீகாரம் பெற்றார்கள். அந்த மாதமே வாரம் 40 மணி நேர வேலையும், வருடம் இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறையும் சட்டமாயின. இதை வாங்கியவர் துரோகியா?

நாஜிகள் அவரை 1943-ல் புகன்வால்டு வதைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள், பிறகு ஆஸ்திரியாவின் இட்டர் கோட்டையில் அடைத்தார்கள். 1945 மே மாதம்தான் விடுதலை. துரோகி என்ற சொல்லுக்கு இதுவும் பொருந்துகிறதா, தோழர்?

இப்போது 1947. செஜெதே உடைந்தது உண்மை. ஜூவோ வெளியே வந்து பிரிந்து வந்தவர்களின் புதுச் சங்கமான ஃபோர்ஸ் ஊவ்ரியேரின் தலைவர் ஆனதும் உண்மை, அதற்கு அமெரிக்கத் தொழிற்சங்கங்களின் பணம் வந்ததும் உண்மை. ஆனால் அவர் தயங்கித் தயங்கித்தான் வெளியேறினார். 38 வருடம் தலைமையில் இருந்த வீட்டை விட்டுப் போவது யாருக்குச் சுலபம்? செஜெதேவில் கம்யூனிஸ்டுகளின் கை ஓங்கியிருந்ததை ஏன் ஒருவரும் சொல்வதில்லை? உடனே "நீயும் அந்தப் பக்கம் போய்விட்டாயா" என்பீர்கள். நான் எந்தப் பக்கமும் போகவில்லை. கொடி பிடித்த கை இது. உங்களோடு எத்தனை மே தினம் நடந்திருக்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். அந்த மைக்கில் அதையாவது நினைத்திருக்கலாம்.

1951-ல் சமாதான நோபல் கொடுத்தார்கள். அதை வைத்து நான் வாதாடப் போவதில்லை. பரிசை விடுங்கள், கண்ணைச் சொல்லுங்கள் என்கிறேன்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று. அன்று அம்மாவும் வந்திருந்தாள், மூன்றாவது வரிசையில். முந்தின நாள் ராத்திரி என் பேச்சை அவளிடம்தான் வாசித்துக் காட்டினேன். சம்பளத்தோடு விடுமுறை என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள். "வேலைக்குப் போகாத நாளுக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "எத்தனை நாளைக்கு?" இரண்டு வாரம் என்றேன். அப்புறம் ஒன்றும் பேசவில்லை.

கூட்டம் முடிந்து பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "கண்ணு போனவரு மகனையாய்யா அப்படிப் பேசுனாக?"