ஒண்ணு, ரெண்டு, மூணு, ஏழு

(தோக்கியோ, நிஷிகசாய். ராத்திரி ஒன்பது மணி. நாளைக்குக் காலையில் முரளிக்கு ஊருக்கு விமானம். அக்கா வீட்டு ஹாலில் பெட்டி வாயைப் பிளந்து கிடக்கிறது. முரளி டிவி முன்னால் சம்மணம் போட்டு, அக்கா வீட்டுக்காரர் பாஸ்கரின் பழைய வீடியோ கேம் மெஷினான நிண்டெண்டோ சூப்பர் ஃபாமிகாமை நோண்டிக்கொண்டிருக்கிறான்.)

பாஸ்கர்: மாப்ள, பெட்டியில துணியைக் காணோமே?

முரளி: துணி மதுரையில கிடைக்கும் மாமா. இந்த கேம் கேசட் எல்லாம் ஜப்பானை விட்டு வெளிய வரவே இல்ல. அகிஹபாராவுல மூணு மாடி ஏறி இறங்கிப் பொறுக்கினேன்.

பாஸ்கர்: இந்தக் கறுப்பு அடாப்டர் எதுக்கு?

முரளி: நான் வாங்கின சூப்பர் ஃபாமிகாமுக்கு.

பாஸ்கர்: அடியில என்ன போட்டிருக்கு, படி.

முரளி: இன்புட் ஏசி 100 வோல்ட்.

பாஸ்கர்: மதுரையில எவ்வளவு வருது?

முரளி: வந்தா 230.

பாஸ்கர்: சொருகினா முதல்ல சூடு வரும். அடுத்து வாசனை வரும். அதுக்கப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் வருவார்.

முரளி: அப்போ ஊர்லயே ஒரு அடாப்டர் வாங்கிக்கிறேன்.

பாஸ்கர்: வாங்கு. 10 வோல்ட் டிசி, 850 மில்லிஆம்ப். ஆனா இந்தப் பின்னோட நடுவுல மைனஸ், வெளிய பிளஸ். கடையில நீட்டுறதுல பெரும்பாலும் நடுவுலதான் பிளஸ் இருக்கும். பார்க்காம மாட்டினா உள்ள ஃப்யூஸ் போயிடும். மேல ஒரு வட்டம் வரைஞ்சு பிளஸ் மைனஸ் போட்டிருப்பான், அதைப் பார்த்து வாங்கு. சரி, இது என்ன கேசட்?

முரளி: ஃபைனல் ஃபேண்டஸி அஞ்சு. 1992. இதை ஏன் மாமா அப்பவே வெளிய விடல?

பாஸ்கர்: அது பெரிய கூத்து. ஜப்பான்ல ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு ஒழுங்கா வந்துச்சு. அமெரிக்காவுக்கு ஒண்ணு போச்சு. ரெண்டும் மூணும் போகல. நாலாவதை 1991-ல அனுப்புறப்போ அதுக்கு ரெண்டுன்னு பேர் வச்சுட்டான்.

முரளி: அஞ்சு?

பாஸ்கர்: அனுப்பவே இல்ல. ஆறு போச்சு, மூணுங்கிற பேர்ல. 1997-ல ஏழு போனப்போ ஏழுன்னே போச்சு.

முரளி: அப்போ அவன் கணக்குல ஒண்ணு, ரெண்டு, மூணு, ஏழு!

பாஸ்கர்: ஒண்ணாங்கிளாஸ்ல இப்படி எண்ணினா வாத்தியார் காதைத் திருகுவார். நீ வச்சிருக்கிற அஞ்சாவது 1999-லதான் பிளேஸ்டேஷன்ல இங்கிலீஷ்ல வந்துச்சு. அதுக்குள்ள ரசிகர்களே உட்கார்ந்து மொழிபெயர்த்து முடிச்சுட்டாங்க.

முரளி: இந்தக் கேசட் எங்க சித்தப்பா பையனோட அமெரிக்க மெஷின்ல ஓடுமா? போடப் பார்த்தா உள்ளயே போகாதுன்னான்.

பாஸ்கர்: போகாது. வேற ஊர் கேசட்டைத் தடுக்கிற சிப் ரெண்டு நாட்டுக்கும் ஒண்ணுதான். கேசட்டோட உருவம்தான் வேற. அவன் மெஷின்ல கேசட் இறங்குற குழிக்குள்ள பின்பக்கமா ரெண்டு பிளாஸ்டிக் பல்லு நிக்கும். நோஸ் பிளையரால பிடிச்சு ஆட்டி ஆட்டி ரெண்டையும் உடைச்சுட்டா ஜப்பான் கேசட் ஜம்முனு உட்காரும்.

முரளி: அவ்வளவுதானா பூட்டு?

பாஸ்கர்: அவ்வளவுதான். ஐரோப்பா மெஷின்ல சிப்பே வேற, அங்க பல்லைப் பிடுங்கினாலும் ஓடாது. (பெட்டியைக் கிளறி) ஏய், இது என்ன, 3டிஎஸ் கார்டா? கையில வச்சு ஆடுற உன் 3டிஎஸ் மெஷின் எந்த ஊர்து?

முரளி: அமெரிக்கா.

பாஸ்கர்: அப்போ வெளிய எடுத்து வை.

முரளி: போன தடவை வாங்கின டிஎஸ் கேசட் ஓடுச்சே!

பாஸ்கர்: டிஎஸ்ல பூட்டு இல்ல. கேம் பாய், அட்வான்ஸ் எதுலயும் இல்ல. அடுத்து வந்த டிஎஸ்ஐக்குன்னே செஞ்ச சில கேம்லயும் 3டிஎஸ்லயும் நிண்டெண்டோக்காரன் போட்டான். அதுக்கப்புறம் வந்த ஸ்விட்ச் மெஷின்ல மறுபடி எடுத்துட்டான்.

முரளி: அதான் தெரியுமே! ஸ்விட்ச் 2 இங்க 49,980 யென்தான். பல மொழி வர்ற மாடல் 69,980. இருபதாயிரம் யென் லாபம். நாளைக்கு ஏர்போர்ட் போற வழியில…

பாஸ்கர்: உட்காரு. 2025 ஜூன்ல வந்தப்போ வச்ச விலை அது. அந்த விலை மாடல்ல மெனு முழுக்க ஜப்பானிய மொழி மட்டும்தான். உன் நிண்டெண்டோ ஆன்லைன் அக்கவுண்ட்லயும் நாடு ஜப்பான்னு இருந்தாத்தான் உள்ள விடும். உன்னை மாதிரி ஆளுங்க அள்ளிட்டுப் போகக் கூடாதுன்னுதான் விலையவே பிரிச்சான்.

முரளி: அக்கவுண்ட்ல நாட்டை மாத்திக்கிறேன்.

பாஸ்கர்: மாத்தலாம். ஜப்பான் ஆன்லைன் கடையில காசு எப்படிக் கட்டுவ? வெளிநாட்டுல கொடுத்த கிரெடிட் கார்டு 2025 மார்ச் 25-லேர்ந்து செல்லாது. இங்க மூலைக்கடையில விக்கிற பிரீபெய்டு கார்டு வாங்கி, நம்பரைச் சுரண்டி நான் உனக்கு அனுப்பணும்.

முரளி: அனுப்புவீங்கல்ல மாமா?

பாஸ்கர்: உங்க அக்காகிட்ட கேளு.

(முரளி பெருமூச்சு விடுகிறான். கன்ட்ரோலரை அமுக்கியபடியே இன்னொரு கையால் சின்னக் கேசட் ஒன்றை எடுத்து நீட்டுகிறான்.)

முரளி: இதாவது ஓடுமா? மதர் மூணு.

பாஸ்கர்: (கண்ணில் ஒற்றிக்கொண்டு) இது ஓடும்டா. கேம் பாய் அட்வான்ஸ், எந்த ஊர் மெஷின்லயும் ஓடும். 2006 ஏப்ரல்ல வந்துச்சு. அப்போ டிஎஸ் வந்து ஒன்றரை வருஷம் ஆச்சு, பழைய மெஷினுக்கு இவ்வளவு வசனத்தை மொழிபெயர்க்க எவன் காசு போடுவான்? 2008-ல ரசிகர்கள் இங்கிலீஷ் ஒட்டு வெளியிட்டாங்க. கம்பெனி இன்னிக்கு வரைக்கும் விடல. 2024-ல ஸ்விட்ச் ஆன்லைன்ல சேர்த்தான், அதுவும் ஜப்பானுக்கு மட்டும்.

முரளி: ஒட்டுன்னா ஸ்டிக்கரா?

பாஸ்கர்: உன் தலை. கேசட்ல இருக்கிறதை, படிக்கிற கருவியால கம்ப்யூட்டர்ல நகல் எடுக்கணும். 32 எம்பி வரும். ஒட்டுங்கிறது மாத்த வேண்டிய பைட் மட்டும் இருக்கிற சின்ன ஃபைல். இதுக்கு வந்தது யூபிஎஸ் வகை, நகல்ல ஒரு பைட் தப்பா இருந்தாலும் ‘இது வேற ஃபைல்’னு சொல்லிடும். பழைய ஐபிஎஸ் வகை அதெல்லாம் பார்க்காது. சூப்பர் ஃபாமிகாம் நகல் சிலதுல முன்னால 512 பைட் தேவையில்லாம ஒட்டிக்கிட்டு இருக்கும். அதைக் கவனிக்காம ஒட்டினா எல்லாமே 512 இடம் தள்ளி விழும். டைட்டில் வரும், ராஜா வாயைத் திறந்தா கட்டம் கட்டமா கொட்டும்.

முரளி: மொழிபெயர்க்கிறதுல அப்படி என்ன மாமா கஷ்டம்?

பாஸ்கர்: இடம்டா, இடம். வலுவுக்கு ஜப்பானிய மொழியில சிகரான்னு மூணு எழுத்து. இங்கிலீஷ்ல ஸ்ட்ரெங்த்துக்கு எட்டு. மெனு கட்டம் மூணு எழுத்துக்குத்தான் கட்டியிருக்கான். எழுத்து வரையிற புரோகிராமையே திரும்ப எழுதணும். இன்னும் சிலது பாட்டால நிக்கும். ஓயெண்டான்னு 2005-ல ஒரு தாள கேம், முழுக்க ஜப்பான் பாட்டு. அமெரிக்காவுக்கு அப்படியே அனுப்பாம, வேற பாட்டு, வேற ஆளுங்க போட்டு 2006-ல வேற பேர்ல விட்டான்.

முரளி: எனக்கு ஒட்டே வேணாம் மாமா. நான்தான் ஹிரகானா 46 எழுத்தும் ரெண்டு வாரத்துல படிச்சுட்டேனே.

பாஸ்கர்: வாசிப்ப. அர்த்தம்?

முரளி: அது போகப் போக வரும்.

பாஸ்கர்: முதல்ல வெளிநாட்டுச் சொல்லை எழுதுற கத்தகானா எழுத்தைப் படி. ஐத்தேமு, செபு, ஒபுஷோன் எல்லாம் ஐட்டம், சேவ், ஆப்ஷன்தான். நாம பஸ்ஸு, காப்பின்னு எழுதுற மாதிரி. பிளேஸ்டேஷன் பழசுன்னா இன்னொண்ணு. இங்க கன்ட்ரோலர்ல வட்டம் போட்ட பட்டனை அமுக்கினா சரி, பெருக்கல் குறி போட்டதை அமுக்கினா வேணாம்.

முரளி: நம்ம பள்ளிக்கூடத்துல வட்டம் போட்டா முட்டையாச்சே!

பாஸ்கர்: இங்க வட்டம் வாங்கினாத்தான் பாஸு. பிஎஸ் 5-லதான் இங்கயும் பெருக்கலைச் சரின்னு மாத்தினான். ஆமா, டிவியில என்னடா ஓடுது? அது என் டிராகன் குவெஸ்ட் அஞ்சு.

முரளி: சும்மா மெனு வாசிச்சுப் பழகிட்டு இருக்கேன் மாமா. இங்கிலீஷ்ல இது 2009-லதானே வந்துச்சு?

பாஸ்கர்: டிஎஸ்ல. ஆனா 1992-ஓட இந்தக் கேசட் சுகமே தனி. உள்ள இருக்கிற பேட்டரி செத்து சேவ் எல்லாம் போயிடும்னு போன வருஷம்தான் திறந்தேன். 3.8 எம்எம் கேம்பிட் திருப்புளி வேணும், சாதா ஸ்குரூடிரைவர் பிடிக்காது. சிஆர் 2032 பேட்டரி, அதுவும் தகடு வச்சது. வெறும் பேட்டரி மேல சால்டர் வச்சா சூட்டுல கெட்டுடும். புதுசு போட்டு முதல்லேர்ந்து ஆடி, இப்போ கடைசிக் கட்டத்துக்கு வந்திருக்கேன்.

முரளி: மாமா, போக்கென் நோ ஷோன்னா?

பாஸ்கர்: சாகசப் புத்தகம். சேவ் பண்ணி வச்சதுக்கு அந்த கேம்ல பேர் அது.

முரளி: கெசுன்னா?

பாஸ்கர்: அழிக்கிறது. ஏன்?

முரளி: இல்ல, அது ஏதோ கேட்டுச்சு. கீழ ஹ, இ-ன்னு இருந்துச்சு. கூட்டிப் படிச்சேன், ஹாய்.

பாஸ்கர்: நீ என்ன பண்ண?

முரளி: மரியாதையா அது ஹாய் சொல்லுதேன்னு நானும் ஹாய் அமுக்கினேன்.

பாஸ்கர்: ஜப்பான்ல ஹாய்னா ஆமான்னு அர்த்தம்டா!

(டிவியில் காலியான மெனு. முரளி மெதுவாக எழுந்து, பெட்டியில் இருக்கும் கேசட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைக்கிறான்.)

பாஸ்கர்: என்னடா பண்ற?

முரளி: துணி மடிச்சு வைக்கிறேன் மாமா. விமானம் எத்தனை மணிக்கு? இப்பவே ஏர்போர்ட்டுக்கு ரயில் இருக்கா?