முட்டி வலிக்கிறது என்றால் இணைய முகவரி தருகிறார் அமைச்சர்

ஒருநாள் காலையில் எங்கள் தொகுதி எம்.எஸ்.பி. அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. எம்.எஸ்.பி. என்றால் ஸ்காட்லாந்து பாராளுமன்ற உறுப்பினர், நம்மூர் எம்.எல்.ஏ. மாதிரி. என் வீட்டுக்காரர் விஷயமாக எம்.எஸ்.பி. பாராளுமன்றத்தில் கேட்டிருந்த எழுத்துமூலக் கேள்விக்கு அமைச்சர் பதில் தந்துவிட்டாராம். திறந்து பார்த்தேன். நாலே வரி. இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை படிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

அந்த நாலு வரியில் இருந்தது இதுதான். அறுவை சிகிச்சை அரங்குகளை எப்போது, எப்படிப் பயன்படுத்துவது என்பது வட்டார மருத்துவமனைகளை நடத்தும் சுகாதார வாரியத்தின் நிர்வாகப் பொறுப்பு. கேட்ட தகவல் அரசிடம் தொகுத்து வைக்கப்படவில்லை. காத்திருப்புப் பட்டியல் புள்ளிவிவரங்கள் பொதுவில் வெளியிடப்படுகின்றன, இதோ இணைய முகவரி. முடிந்தது.

நாங்கள் கேட்டது என்ன? என் வீட்டுக்காரருக்கு வலது முட்டி தேய்ந்துபோய்விட்டது. முட்டி மாற்று அறுவை செய்யலாம் என்று டாக்டர் சொல்லி, இவர் சம்மதித்து, வருஷம் ஒன்று தாண்டிவிட்டது. நாங்கள் இருப்பது லிஃப்ட் இல்லாத பழைய கல் கட்டடத்தில், மூன்றாவது மாடி. மனிதர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் வைத்து இறங்குகிறார், சின்னக் குழந்தை மாதிரி. எங்கள் வாரியத்தில் இவரைப் போல ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருப்பவர்களுக்கு எப்போது செய்து முடிப்பீர்கள்? போன வருஷம் எத்தனை நாள் அரங்குகள் ஆளில்லாமல் சும்மா கிடந்தன? இவ்வளவுதான் கேள்வி. பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்குக்கு விலை சொன்ன கதைதான். இதில் கொட்டைப்பாக்கு விலையைக்கூட வேறு கடையில் போய்க் கேட்கச் சொல்கிறார்கள்.

இந்த நாலு வரிக்கும் நேரத்துக்கு வரத் தெரியவில்லை. கேள்வி பதிவான பிறகு பத்து வேலை நாளுக்குள் பதில் வரவேண்டும், அதுதான் விதி. பத்தாவது நாள் சரியாக ஒன்று வந்தது. 'உறுப்பினருக்கு இயன்ற விரைவில் பதிலளிப்பேன்' என்று. இதற்குத் தற்காலிகப் பதில் என்று ஒரு பெயர் வேறு. பதில் சொல்வேன் என்று சொல்வதே பதில் கணக்கில் வந்துவிடுகிறது. கல்யாணத்துக்கு மொய் வைக்கச் சொன்னால் 'வைக்கிறேன்' என்று எழுதிய காகிதத்தைக் கவரில் போட்டுக் கொடுப்பது போல.

எனக்கு எரிச்சல் எங்கே என்றால், 'வாரியத்தின் பொறுப்பு' என்ற அந்த வார்த்தையில். ஸ்காட்லாந்தில் பதினான்கு வட்டாரச் சுகாதார வாரியங்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் பணம் கொடுப்பது யார்? ஸ்காட்லாந்து அரசு. தலைவர்களை நியமிப்பது யார்? அமைச்சர்கள். இப்படிச் செய்யுங்கள் என்று வாரியத்துக்கு உத்தரவு போடும் அதிகாரமும் 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைச்சர்களுக்கு இருக்கிறது. புது மருத்துவமனையைத் திறக்கும்போது ரிப்பனை வெட்டுவதும் அவர்கள்தான். அப்போது 'இது வாரியத்தின் நிர்வாக விஷயம், கத்திரிக்கோலை வாரியத் தலைவரிடம் கொடுங்கள்' என்று யாராவது சொல்லி நான் கேட்டதில்லை.

1999இல் இந்தப் பாராளுமன்றம் உட்கார்ந்தபோது சொன்ன காரணமே, முடிவெடுப்பவர்கள் மக்களுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பதுதான். மருத்துவம், பள்ளிக்கூடம், போலீஸ் எல்லாம் ஸ்காட்லாந்துத் தலைநகர் எடின்பரோவுக்கு வந்தன. அதாவது என் வீட்டுக்காரர் முட்டிக்கு லண்டனில் யாரும் பொறுப்பில்லை. லண்டன் எம்.பி.யைக் கேட்டால் 'இது ஸ்காட்லாந்துக்குப் பகிர்ந்தளிக்கப்பட்ட அதிகாரம்' என்பார், அது நியாயமும்கூட. எடின்பரோ அமைச்சரைக் கேட்டால் 'வாரியம்' என்கிறார். பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டால் முப்பத்திரண்டு உள்ளாட்சி மன்றங்களில் ஒன்றைக் காட்டுவார்கள். ஆக, அதிகாரம் பக்கத்தில் வந்துவிட்டது, பொறுப்பு மட்டும் பஸ்ஸிலிருந்து பாதி வழியில் இறங்கிவிட்டது.

பன்னிரண்டு வார உத்தரவாதக் கதையையும் சொல்லியாக வேண்டும். 2011இல் நோயாளிகள் உரிமைச் சட்டம் என்று ஒன்று போட்டார்கள். சிகிச்சைக்குச் சம்மதித்த நாளிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் அறுவை சிகிச்சை தொடங்கவேண்டும் என்பது அதில் சட்டப்படியான உத்தரவாதம். 2012 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. கடைக்காரன் மிக்சிக்கு ஒரு வருஷ உத்தரவாதம் கொடுத்துவிட்டு மாற்றித் தரவில்லை என்றால் நாம் சும்மா விடுவோமா? இங்கே உத்தரவாதத்தை மீறினால் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட முடியாது, அந்தச் சட்டமே கதவைச் சாத்தி வைத்திருக்கிறது. ஏன் தாமதம் என்று வாரியம் ஒரு விளக்கம் கொடுத்து, எங்கே புகார் செய்யலாம் என்று சொன்னால் போதும். எங்களுக்கும் வந்தது அந்தக் கடிதம். நல்ல காகிதம்.

சரி, மருத்துவம்தான் சிக்கலான துறை என்று விட்டுவிடலாம் என்றால் கப்பல் இருக்கிறது. தீவுகளில் இருப்பவர்களுக்குக் கப்பல்தான் பஸ். 2015இல் இரண்டு கப்பல்களுக்கு 97 மில்லியன் பவுண்ட் ஒப்பந்தம் போட்டார்கள். முதல் கப்பலான க்ளென் சானக்ஸை 2017 நவம்பரில் அப்போதைய ஸ்காட்லாந்து முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் முன்னால் தண்ணீரில் இறக்கினார்கள். ஜன்னல் இருக்கவேண்டிய இடத்தில் ஜன்னல் போலப் பெயின்ட் அடித்திருந்தார்கள். நான் மிகைப்படுத்தவில்லை, நிஜமாகவே பெயின்ட். ஆரன் தீவுக்கு அது ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது 2025 ஜனவரியில். கப்பலை ஓட்டும் கால்மேக் அரசுடையது. கப்பலை வாங்கி வைத்திருக்கும் கம்பெனி அரசுடையது. கப்பல் கட்டும் தளமும் 2019இல் திவாலான பிறகு அரசுடையது. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு, படகு ஏன் வரவில்லை என்று தீவுக்காரர்கள் சார்பில் கேட்டால் 'அன்றாட நிர்வாகம் கால்மேக்கின் பொறுப்பு' என்பார்கள். இடது கை செய்தது, வலது கைக்குத் தெரியாது, தலையைக் கேட்டால் அது கைகளின் நிர்வாக விஷயம்!

இதற்கு நேர் எதிராக, உடனே பதில் கிடைக்கும் கேள்வி என்றும் ஒரு வகை உண்டு. அரசே ஏதாவது அறிவிக்க நினைத்தால், தன் கட்சி உறுப்பினர் ஒருவரிடம் சொல்லிக் கேள்வி கேட்க வைக்கும். அரசு தூண்டிய கேள்வி என்று அதற்கு அதிகாரபூர்வமான பெயரே இருக்கிறது. கேள்வி பிறக்கும் முன்பே பதில் தயார். தானே சமைத்து, தானே பரிமாறி, தானே ஏப்பமும் விடுவது. ஆக எழுதத் தெரியாமல் இல்லை.

இந்தியாவில் மக்களவையில் 'தகவல் திரட்டப்பட்டு வருகிறது' என்று அமைச்சர் சொன்னால் அது ஒரு வாக்குறுதியாகப் பதிவாகும், அதைத் துரத்துவதற்கென்றே ஒரு குழு உண்டு. அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. துரத்த ஒரு ஆளாவது இருக்கிறது. எடின்பரோவில் பதில் மொட்டையாக இருக்கிறது என்று உறுப்பினர் சபைத் தலைவரிடம் போனால், பதிலில் என்ன இருக்கவேண்டும் என்பது அமைச்சர்கள் விஷயம் என்றுதான் வரும்.

அப்புறம்தான் எனக்குக் கோபம் தலைக்கேறிய விஷயம் நடந்தது. அந்த நாலு வரியைப் படித்த அன்றே உட்கார்ந்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நேராக வாரியத்துக்கு எழுதினேன். வக்கீல் வைக்கவில்லை, பீஸ் கட்டவில்லை. இருபது வேலை நாளுக்குள் தரவேண்டும், மறுத்தால் காரணம் சொல்லவேண்டும், அதுவும் சரியில்லை என்றால் செயின்ட் ஆண்ட்ரூஸில் இருக்கும் தகவல் ஆணையரிடம் முறையிடலாம், அவர் உத்தரவு போட்டால் வாரியம் கேட்டாக வேண்டும். பத்தொன்பதாவது நாள் வந்தது பதில். எக்செல் கோப்பு. மாதவாரியாக, அரங்குவாரியாக, எந்த நாள் எதனால் நின்றது என்று வரிசை வரிசையாக. படுக்கை இல்லை, மயக்க மருந்து டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை.

அதாவது தகவல் இருந்தது. யாரோ ஒரு குமாஸ்தா மாதா மாதம் ஒழுங்காக நிரப்பி வைத்திருக்கிறார், அவருக்கு என் வணக்கம். அமைச்சரின் அலுவலகம் ஒரு போன் போட்டிருந்தால் அன்றைக்கே கிடைத்திருக்கும். 'அரசிடம் தொகுத்து வைக்கப்படவில்லை' என்பது பொய்யில்லை, அதுதான் அதன் சாமர்த்தியம். எங்களிடம் இல்லை, கேட்டு வாங்கவும் மாட்டோம். 129 பேர் உட்காரும் சபையில் ஓட்டு வாங்கி ஜெயித்த உறுப்பினருக்கு இணைய முகவரி. சமையலறையில் உட்கார்ந்து தட்டச்சு செய்த எனக்கு எக்செல். சட்டம் எனக்குக் கொடுத்த பல் அவருக்கு இல்லை என்றால் அந்த மனிதரை எதற்கு அனுப்பி வைத்தோம்?

கோப்பை அச்செடுத்து எம்.எஸ்.பி.யிடம் கொண்டுபோனேன். பாவம், நல்ல மனிதர். பக்கங்களைப் புரட்டிவிட்டு, இதை வைத்து இன்னொரு கேள்வி போடுகிறேன் என்றார். போட்டும்விட்டார். பதிவு எண் மறுநாளே வந்தது. ஆனால் இப்போது கோடை விடுமுறை, பாராளுமன்றம் மூடியிருக்கும்போது பத்து நாளுக்குப் பதில் இருபது நாள் அவகாசமாம்.

வீட்டுக்காரரிடம் போனைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "கேள்விக்கு ஒரே நாளில் நம்பர் கொடுத்துட்டாங்களா?" என்றார். "அப்போ என் முட்டியையும் கேள்வின்னே பதிஞ்சிருக்கலாமே."