எட்டு அணி வந்தால் நேராக நாக்அவுட் போடாதீர்கள்

ஒன்பதரை மணிக்கு முதல் ஆட்டத்தில் தோற்றுவிட்டு, இருட்டும்வரை மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு நாள் எனக்கு உண்டு. வாலிபால். எட்டு அணிகள், நேரடி நாக்அவுட், சீட்டுக் குலுக்கல். எங்கள் சீட்டுக்கு எதிரே வந்து விழுந்தது முந்தைய வருடத்துச் சாம்பியன். மூன்றாவது செட்டில் இரண்டு புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். இறுதிப் போட்டியில் அதே சாம்பியனிடம் ஒரு செட்டில்கூடப் பதினைந்தைத் தாண்டாத அணி இரண்டாம் பரிசை வாங்கிக்கொண்டு போனது. "குலுக்கல்தானே தம்பி, உங்க ராசி அப்படி" என்றார் நடத்தியவர். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது சில வருடங்களாக நானே சின்னச் சின்னப் போட்டிகளுக்கு அட்டவணை போடுகிறேன். பதில் கொஞ்சம் நீளமாகவே இருக்கிறது.

நாக்அவுட்டை எல்லோரும் ஏன் விரும்புகிறார்கள் என்பது புரிகிறது. ஓர் ஆட்டம் ஓர் அணியை வீட்டுக்கு அனுப்பும். எட்டில் ஒன்று மிஞ்ச ஏழு ஆட்டம் போதும். கணக்கும் சுலபம், நேரமும் மிச்சம். ஆனால் வந்த எட்டு அணிகளில் நான்கு, ஒரே ஓர் ஆட்டத்தோடு மூட்டை கட்டுகின்றன. ஒரு மாதம் பயிற்சி எடுத்துவிட்டு அரை மணி நேரம் ஆடிப் போனவர்களை அடுத்த வருடமும் வாருங்கள் என்று எந்த முகத்தோடு கூப்பிடுவது?

என் புகார் புதிதல்ல. லூயிஸ் கரோல் என்ற புனைபெயரில் குழந்தைக் கதைகளுக்காக உலகம் அறிந்த ஆக்ஸ்ஃபோர்டு கணிதக்காரர் சார்லஸ் டாட்ஜ்சன், 1883-லேயே டென்னிஸ் போட்டிகளைப் பற்றி இதே குறையைச் சொல்லி ஒரு சிறு வெளியீடு போட்டார். திறமைசாலி எப்போதும் ஜெயிப்பார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 32 பேர் குலுக்கலில், இரண்டாவது சிறந்த ஆட்டக்காரருக்கு இரண்டாம் பரிசு கிடைக்க வாய்ப்பு 31-ல் 16தான். சாம்பியன் இருக்கும் பாதியிலேயே அவர் சீட்டும் விழுந்தால் முடிந்தது கதை. எட்டு அணிக்கு அது ஏழில் நான்கு. நாங்கள் இரண்டாவது சிறந்த அணி என்று நான் சொல்ல வரவில்லை. சரி, கொஞ்சம் சொல்லத்தான் வருகிறேன்.

எட்டு அணிக்கு நான் போடுவது நான்கு நான்காக இரண்டு குழு. ஒவ்வொரு குழுவிலும் ஆறு, ஆகப் பன்னிரண்டு லீக் ஆட்டம். பிறகு இரண்டு அரையிறுதி, ஓர் இறுதி. மொத்தம் பதினைந்து. நாக்அவுட்டைப் போல இரண்டு மடங்கு என்று உடனே பதறுவார்கள். லீக் முழுவதும் 25 புள்ளிக்கு ஒரே செட் வையுங்கள், ஆட்டத்துக்கு அரை மணி ஒதுக்குங்கள். ஆறு மணி நேரத்தில் முடிந்துவிடும். அரையிறுதியும் இறுதியும் மட்டும் மூன்று செட், தலா ஒரு மணி. ஒரே கோர்ட்டில் ஒன்பது மணி நேரம். இரண்டு கோர்ட் கிடைத்தால் ஐந்தே மணி. எல்லா அணிக்கும் மூன்று ஆட்டம் நிச்சயம். எல்லோரும் எல்லோரோடும் ஆடும் முழு லீக் இன்னும் நியாயமானது. ஆனால் எட்டு அணிக்கு 28 ஆட்டம், ஒரு நாளில் முடியாது. ஐந்து அணி என்றால் பத்துதான், யோசிக்காமல் முழு லீக் போடலாம். இரண்டு முறை தோற்றால்தான் வெளியே என்கிற முறையும் உண்டு. அதிலும் பதினான்கோ பதினைந்தோ ஆட்டம்தான், ஆனால் தோற்றவர் அடுத்து எந்தக் கட்டத்துக்குப் போகிறார் என்று விளக்கியே என் தொண்டை வறண்ட அனுபவம் இருப்பதால் அந்தப் பக்கம் போவதில்லை.

குழு பிரிப்பதையும் முழுக்கக் குலுக்கலிடம் விடக்கூடாது. குலுக்கலில் யாருடைய கையும் இல்லை என்பது உண்மை. அதனாலேயே அது நியாயமாகிவிடாது. பலமான நான்கு அணிகளில் முதலாவதும் நான்காவதும் ஒரு குழு, இரண்டாவதும் மூன்றாவதும் இன்னொரு குழு. மீதி நான்குக்குச் சீட்டு எடுக்கலாம். பலமானவர்கள் யார் என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு கேப்டனையும் தன் அணியை விட்டுவிட்டு மற்றவற்றில் சிறந்த நான்கை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்வேன். தன் பெயரை எழுத முடியாது என்றவுடன் மனிதர்கள் ஆச்சரியமான அளவுக்கு நேர்மையாகிவிடுகிறார்கள்.

சண்டை வருவது பெரும்பாலும் சமநிலையில்தான். நான்கு பேர் குழுவில் மூன்று அணிகள் தலா இரண்டு வெற்றி, வட்டமாக ஒருவரை ஒருவர் வீழ்த்தியிருப்பார்கள். அப்போது எடுத்த புள்ளியைக் கொடுத்த புள்ளியால் வகுத்துப் பார்க்க வேண்டும். இதற்கு ஒவ்வொரு ஆட்டத்தின் ஸ்கோரும் வேண்டும். ஜெயித்தவர் பெயரை மட்டும் எழுதி வைக்கிற கமிட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். ஓர் அணி வராமல் வாக்ஓவர் கொடுத்தால் 25-0 என்று எழுதிவிடுவார்கள், எதிரணியின் விகிதம் எங்கேயோ போய்விடும். அதனால் சமநிலை பார்க்கும்போது அந்த அணியோடு ஆடிய எல்லா ஆட்டங்களையும் எல்லோருக்கும் கழித்துவிட வேண்டும். இதையெல்லாம் முதல் சர்வீஸுக்கு முன்னால் எழுதி ஒட்டிவிடுங்கள். 2019 கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதியில் சூப்பர் ஓவரும் சமமாகி, 26-17 என்று பவுண்டரி எண்ணிக்கையில் இங்கிலாந்து ஜெயித்தது. எனக்கு அந்த விதி கொஞ்சமும் பிடிக்கவில்லை, பிற்பாடு அதை மாற்றியும்விட்டார்கள். ஆனால் முன்கூட்டியே எழுதியிருந்த விதி, அதனால் நடுவில் யாரோ புகுந்து மாற்றினார்கள் என்று ஒருவரும் சொல்ல முடியவில்லை.

எழுதும்போது அதிபுத்திசாலித்தனம் வேண்டாம். 1994 கரீபியன் கோப்பைத் தகுதிச் சுற்றில், கூடுதல் நேரத்தில் விழும் கோல் இரண்டாகக் கணக்காகும் என்று ஒரு விதி. கிரெனடாவை இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால்தான் பார்படாஸ் முன்னேறும். 2-0 என்று இருந்தது, கடைசி நிமிடங்களில் கிரெனடா ஒன்று போட்டுவிட்டது. பார்படாஸ் பார்த்தது, ஆட்டத்தைக் கூடுதல் நேரத்துக்கு இழுக்கத் தன் வலைக்குள்ளேயே பந்தை அடித்து 2-2 ஆக்கியது. இப்போது கிரெனடாவுக்கு எந்தப் பக்கம் கோல் விழுந்தாலும் லாபம், ஒரு கோலில் தோற்றாலும் முன்னேறலாம். பார்படாஸ் இரண்டு பக்கத்துக் கோல் கம்பங்களையும் காவல் காத்தது. கூடுதல் நேரத்தில் கோல் போட்டு 4-2 என்று ஜெயித்தார்கள். அந்த ஆட்டக்காரர்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. விதி கேட்டதைத்தான் செய்தார்கள்.

2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் பெண்கள் இரட்டையர் பேட்மிண்டனில் நான்கு ஜோடிகள் வெளியேற்றப்பட்டதும் இதே வகைதான். குழுவில் தோற்றால் அடுத்த சுற்றில் சுலபமான எதிரி என்று தெரிந்ததும் வேண்டுமென்றே ஷட்டிலை வலையில் அடித்தார்கள். தண்டித்தது சரி. அட்டவணை போட்டவரையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நம் அளவுக்கு ஒரே கோர்ட்டில் கடைசி லீக் ஆட்டங்களை ஒரே நேரத்தில் வைக்க வழியில்லை. கடைசியாக ஆடுபவருக்கு யார் எங்கே இருக்கிறார் என்று தெரிந்திருக்கும். அதனால் லீக் முழுவதும் முடிந்த பிறகுதான் எந்த முதலிடத்தோடு எந்த இரண்டாமிடம் அரையிறுதி ஆடுவது என்று சீட்டு எடுக்கிறேன். ஒரே குழு அணிகள் மறுபடி மோதினாலும் மோதட்டும். குலுக்கலைத் திட்டிவிட்டு இங்கே நானே குலுக்குகிறேன் என்பது தெரிகிறது.

அடுத்த போட்டிக்கு இதுவரை ஏழு அணி பெயர் கொடுத்திருக்கிறார்கள். எட்டாவது வருகிறேன் என்கிறது, ஆனால் ஆள் சேரவில்லையாம். ஏழு என்றால் நான்கும் மூன்றும். மூன்று பேர் குழுவில் கடைசி ஆட்டம் ஒப்புக்கு ஆகிவிடும் ஆபத்து உண்டு என்பதால், முதல் ஆட்டத்தில் தோற்றவரை அடுத்த ஆட்டத்தில் மூன்றாவது அணியோடு இறக்க வேண்டும். இரண்டு அட்டவணையும் எழுதி வைத்துவிட்டேன். வியாழக்கிழமை இரவுக்குள் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறேன்.